நெஞ்சுக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று

ஆம்ப்ளிஃபயரை இரண்டாக்கியதில் இசைத்தட்டுப் பாட்டுக்காரியின் குரல் போய்விட்டது. அவ்வளவுதான். தபலா இருக்கிறது, வயலின் கூட்டம் இருக்கிறது, பின்னால் யாரோ குலுக்குகிற சலங்கைகூட இருக்கிறது, பாடுகிற பொம்பளையை மட்டும் காணோம். வார்த்தை கேட்கிறதாம், ஆள் இல்லையாம். இதைக் கண்டுபிடித்துச் சொன்னது நாச்சிமுத்துவின் வீட்டுக்காரி. காலையில் அரிசி களைந்த ஈரக்கையோடு அறை வாசலில் வந்து நின்றாள், தலையைச் சாய்த்தாள், "ஏனுங், அந்தம்மா கெணத்துக்குள்ள நின்னுட்டுப் பாடற மாதிரி இருக்குதுங்" என்றாள், போய்விட்டாள். சொல்லிவிட்டுப் போகிறவளுக்கு என்ன, ஒரு வார்த்தை. கேட்டவனுக்கு அது தொண்டையில் நிற்கிறது. மத்தியானச் சோறும் அதைச் சுற்றிக்கொண்டுதான் இறங்கியது. இப்போது வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி ஸ்பீக்கர் பெட்டியின் மேல் விழுந்து கிடக்கிறது. சாயங்காலம் பழைய பட்டறைக் கூட்டாளி குழந்தைவேலு வருவான். வந்து அந்த நாற்காலியில் உட்காருவான், காலை ஆட்டுவான், கேட்பான். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டான். சொல்லாமல் இருப்பதற்கென்றே ஒரு சிரிப்பு வைத்திருக்கிறான், மீசையின் ஒரு ஓரத்தில் மட்டும். அந்த ஓரம் தூக்குவதற்குள் குரலைக் கொண்டுவந்தாக வேண்டும். கிணற்றிலிருந்தோ எங்கிருந்தோ.

நாச்சிமுத்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டிய முட்டி மடங்குவதே பெரிது, மடங்கினது நிமிர்வது அதைவிடப் பெரிது, அதனால் ஒருதரம் உட்கார்ந்தால் வேலை முடிந்துதான் எழுந்திருப்பது என்று வைத்திருந்தார். எதிரே இரண்டு பெட்டிகள், அவர் இடுப்புக்கு மேல் உயரம். ரயில்வே கேட் பக்கம் ஒரு டாக்கீஸை இடித்தபோது திரைக்குப் பின்னால் நின்றவற்றை லாரி வைத்துக் கொண்டுவந்தார். கீழே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பெரிய ஸ்பீக்கர், மேலே தகரப் புனல். கீழ்ச்சத்தம் பெரியதுக்கு, மேல்சத்தம் புனலுக்கு. மனுஷக் குரல் மட்டும் நடுவில் பிரியும், நெஞ்சு கீழே வரும், வாய் மேலே வரும், இரண்டும் சேர்கிற இடத்தில்தான் ஆள் நிற்பாள். இத்தனை வருஷமும் ஒரே ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் ஓட்டிக்கொண்டிருந்தது, கறுப்பு டிரான்சிஸ்டர் பெட்டி, சொன்ன பேச்சைக் கேட்கிற பெட்டி. போன வாரம்தான் அலமாரிக்கு மேலிருந்து அந்த வால்வு ஆம்ப்ளிஃபயரை இறக்கினார். அவரே கட்டியது. டிரான்ஸ்ஃபார்மர்கூட அவர் சுற்றியதுதான், ஆவாரம்பாளையத்தில் பட்டறை பட்டறையாகப் பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் சுற்றிய கை, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவது அதற்கு ஒரு பொழுதுபோக்கு. ஸ்விட்சைப் போட்டதும் கண்ணாடிக் குழலுக்குள் நெருப்புப் புழு ஒன்று நெளியும், தூசி காய்கிற மணம் வரும், பிறகு வார்னிஷ் மணம், அந்த மணத்துக்கு அப்புறம்தான் சத்தம். கறுப்புப் பெட்டி நெஞ்சுக்கு. வால்வு வாய்க்கு. ஒன்று பலம், ஒன்று பதம். யோசனை வந்த அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டை மறந்துவிட்டார். குழந்தைவேலுவின் சோப்பு டப்பா இதற்கு முன்னால் எம்மாத்திரம்.

சோப்பு டப்பா என்றுதான் மனசுக்குள் சொல்லிக்கொள்கிறார். வெளியே ஒருதரம் சொன்னதற்கு வீட்டுக்காரி, "சோப்பு டப்பாவா இருந்தா என்னங், கேக்கறதுக்கு நல்லாத்தான இருந்துச்சு" என்றுவிட்டாள். குழந்தைவேலுவின் மகன் வெளிதேசத்திலிருந்து அனுப்பிய ஆம்ப்ளிஃபயர், உள்ளங்கையில் அடங்கும், ஒரு திருகாணிகூட வெளியே தெரியாது. அதைக் கேட்கத்தான் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் வரச்சொல்லியிருந்தான். இரண்டு தெரு தள்ளி வீடு. குழந்தைவேலு யார்? ஒரே பட்டறையில் இவர் காயில் சுற்றியபோது, ஓட்டிப்பார்த்து முடித்த மோட்டாருக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தவன். ரெசிஸ்டருக்கும் மிளகுக்கும் வித்தியாசம் தெரியாதவன். சால்டரிங் ராடை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டால் இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வான். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து தனியாக இருக்கிறவன், பாவம்தான், பாவமில்லை என்று யார் சொன்னது. ஆனால் பாவப்பட்ட மனுஷன் எதற்கு மூன்று நாற்காலி போட்டு, "தங்கச்சி, நீ இங்க உக்காரு, இங்கதான் நடுமத்தியில கேக்கும்" என்று இவளை நடு நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும்? புருஷனை ஓரத்தில் போட்டுவிட்டு? அவளும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் போனைத் தடவிப் பாட்டைப் போட்டான். பழைய கறுப்பு வெள்ளைப் படத்துப் பாட்டு, கல்யாணமான புதிதிலிருந்து இந்த வீட்டில் தட்டில் ஓடுகிற அதே பாட்டு. நாச்சிமுத்துவுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. சின்னப் பெட்டி, சின்னச் சத்தம். திரும்பி அவளைப் பார்த்தார். அவளுடைய கை இரண்டும் மடியில், உள்ளங்கை மேலே பார்க்க, விரிந்து கிடந்தன. இத்தனை வருஷத்தில் அந்தக் கைகள் அப்படிக் கிடந்து அவர் பார்த்ததில்லை. பூண்டு உரிக்கும், கீரை ஆயும், ஒன்றுமில்லை என்றால் புடவை நுனியை முறுக்கும். பாட்டு முடிந்தது. அவள் கையை எடுக்காமலே சொன்னாள்: "பக்கத்துல உக்காந்து பாடற மாதிரி இருக்குதுங்ணா. இன்னொருக்கா போடுங்."

இன்னொருக்கா. அந்த வார்த்தையை அன்றிலிருந்து பல்லில் மாட்டிய நாராக நாக்கால் தள்ளிக்கொண்டிருக்கிறார். இந்த வீட்டில் எத்தனை பாட்டு, எத்தனை சாயங்காலம். தட்டைத் துடைத்து, ஊசியை இறக்கி, முடிந்ததும் திரும்பி, "எப்படி?" என்பார். அவள் பின்னால் முறத்தோடு உட்கார்ந்திருப்பாள். "நல்லாருக்குதுங்" என்பாள். கண்டென்சர் மாற்றினாலும் நல்லாருக்குதுங், வயர் மாற்றினாலும் நல்லாருக்குதுங். அதைத்தான் இவர் பாராட்டு என்று எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். சாம்பாருக்கு உப்புப் பார்த்துச் சொல்கிற மாதிரிச் சொல்லியிருக்கிறாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இன்னொருக்கா என்று வந்ததா? வரவில்லை. பெயின்ட் அடித்தவன் வீட்டில் வருகிறது. நடு நாற்காலியில் உட்கார்ந்தால் வருகிறது. அன்றைக்குத் திரும்பி நடந்து வரும்போது அவள் இரண்டு எட்டு பின்னால் அந்தப் பாட்டையே முனகிக்கொண்டு வந்தாள், முனகுகிறாள் என்று இவருக்குத் தெரிந்தது திரும்பி உதட்டைப் பார்த்துத்தான். வாயை மூடு என்று சொல்ல வந்தது. தெருவில் சொல்வார்களா. இன்றைக்குக் காலையில் முருங்கைக்கீரையை வதக்கி ஒரு டப்பாவில் போட்டு, "அண்ணனுக்குக் குடுத்துட்டு வந்துர்றனுங்" என்று கிளம்பினாள். கொடுத்துவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு தெரு. போய் நின்று, டப்பாவை நீட்டி, பழைய டப்பாவை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதானே. அவள் திரும்பி வரும்போது தபால்காரன் வந்துபோய்விட்டான். அங்கே உட்கார்ந்தாளா? அதே நாற்காலியா? இவர் கேட்கவில்லை. கேட்டால் கேட்டவன்தான் சின்ன மனுஷன்.

சரி, வேலையைப் பார்ப்போம். வால்வை மாற்றியாயிற்று, கையிருப்பில் இருந்த ஜோடியைப் போட்டு, சூடு ஏறக் காத்திருந்து. வாலியூம் கன்ட்ரோலில் ஸ்ப்ரே அடித்தாயிற்று. பின்னால் போகிற வயரெல்லாம் பிடுங்கித் துடைத்துச் செருகியாயிற்று. கடைசியில் ஆம்ப்ளிஃபயரையே தலைகீழாகப் போட்டார், வால்வு நெஞ்சுக்கு, கறுப்புப் பெட்டி வாய்க்கு. ஊசியை இறக்கிவிட்டு, "இந்தா, இப்ப?" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தினார். "என்னங்?" "இப்ப எப்படின்னேன்." கரண்டி ஒன்று வைக்கப்படுகிற சத்தம், அது கேட்டது. "அப்படியேதானுங் இருக்குது. கெணத்துல தண்ணி கொஞ்சம் கூடியிருக்குது, அவ்வளவுதாங்." நக்கல். இந்த நக்கல் எப்போதிலிருந்து? ஞாயிற்றுக்கிழமையிலிருந்து. குழந்தைவேலு பேச்சுக்குப் பேச்சு சிரிப்பான், அவனோடு சேர்ந்தால் அம்மிக்கல்லுக்கும் நக்கல் வரும். மறுபடியும் எல்லாவற்றையும் பிடுங்கிப் பழைய இடத்தில் மாட்டினார். விரல் நுனி வழுக்கியது. முன்னெல்லாம் இருட்டில் மயிரிழை வயரை முடிச்சுப் போடுகிற விரல். "பழையபடி ஒத்த மிஷினே போட்டுருங்களே, அது நல்லாத்தான இருந்துச்சு" என்று அங்கிருந்தே ஒரு யோசனை வந்தது. நல்லாத்தான் இருந்தது. நல்லாருக்குதுங். அதற்குத் திரும்பிப் போகவா இத்தனையும்? ஒத்தை மிஷினைப் போட்டு வைத்தால் குழந்தைவேலு வருவான், கேட்பான், "நல்லாருக்குதுடா நாச்சி" என்பான், அவனும் சாம்பாருக்குச் சொல்கிற மாதிரிச் சொல்வான். அதற்குக் கிணறே மேல்.

வெல்லம் காய்கிற மணம் வந்தது. அரிசி மாவும் ஏலமும். கச்சாயம் சுடுகிறாள். மூக்கு மட்டும் வயசாகாமல் இருக்கிறது. "ஆருக்கு அது?" என்றார். "அண்ணன் வர்றாங்கள்ல." "எனக்கு நிறுத்திப்போட்ட." "உங்களுக்குச் சக்கரைங். அவருக்கு இல்லீங்களே." அவனுக்குச் சர்க்கரை இல்லை. அவனுக்கு முட்டி வலி இல்லை. அவனுக்கு மகன் வெளிதேசத்திலிருந்து பெட்டி அனுப்புகிறான், இவருடைய மகள் போன் பண்ணினால், "அப்பா, ஒருதரம் காது டெஸ்ட் பண்ணிக்கலாமே, பக்கத்துலதான் ஒரு இடம் இருக்குது, அரை மணி நேர வேலை" என்கிறாள். எதற்கு? "சும்மாதாம்பா. நான் பேசறப்ப அம்மாகிட்ட போனைக் குடுத்துர்றீங்க." போனில் அவள் குரல் கொசகொசவென்று கேட்கிறது, அது போன் கோளாறு. டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து, காதில் தொப்பி மாட்டிக்கொண்டு, சத்தம் வந்தால் கையைத் தூக்கு என்பானாம், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. யாருடைய காது? டெஸ்டிங் பெஞ்சில் ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, கட்டையைக் காதில் ஒட்டி, பேரிங்கில் எந்தக் குண்டு தேய்ந்திருக்கிறது என்று சொன்ன காது. முதலாளி இன்ஜினீயரை விட்டுவிட்டு இவரைக் கூப்பிடுவார். அந்தக் காதுக்கு டெஸ்டாம்.

ஆனால் கிணறு எங்கே இருக்கிறது? இதுதான் கேள்வி. காலையிலிருந்து அதன் பக்கத்தில் போகாமல் சுற்றிச் சுற்றி வருகிறார், வால்வைப் பார்க்கிறார், வயரைப் பார்க்கிறார், கேள்வியைப் பார்க்க மாட்டேன் என்கிறார். அவள் கிணறு என்றாள். இவர் கேட்டார். கிணறு தெரியவில்லை. பாட்டு எப்போதும் போலத்தான் இருந்தது. போன மாதம் எப்படியோ இன்றைக்கும் அப்படியே. ஊசியை இறக்கி, கண்ணை மூடி, தாடையை இறுக்கிக்கொண்டு கேட்டார், இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது, ஒரு துணியை முகத்தில் போட்டுக்கொண்டு ஊரைப் பார்க்கிற மாதிரி எல்லாம் ஒரே நிறம். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை? அன்றைக்கு சின்னப் பெட்டி, சின்னச் சத்தம் என்று எது முடிவு பண்ணியது, காதா, வயிற்றெரிச்சலா? ஒரு வாரமாக யாருக்காக எதை மாற்றிக்கொண்டிருக்கிறார்? சர்க்கரை தின்னக்கூடாதவன் பாயசத்துக்குப் பதம் பார்க்கிற கதை. போன மழைக்காலம் ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருந்தபோது, "இப்பெல்லாம் பாத்தியா, ஒரு பூச்சி சத்தம் இல்ல, முன்னெல்லாம் காதைப் பொளக்கும். மருந்தடிச்சு மருந்தடிச்சு ஊரையே கொன்னுபோட்டாங்க" என்றார். அவள் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவள் திரும்பிப் பார்த்தாள். நிலா வெளிச்சத்தில் ஒரு பார்வை. பிறகு, "ஆமாங்" என்றாள். அந்த ஆமாங்குக்கு முன்னால் ஒரு இடைவெளி இருந்தது. இவ்வளவு நாள் கழித்து அந்த இடைவெளி இப்போது வந்து நெஞ்சில் உட்காருகிறது. பூச்சி கத்திக்கொண்டிருந்திருக்கிறது. ஊர் சாகவில்லை. அவளுக்கும் கேட்டது, மருந்தடித்தவனுக்கும் கேட்டது, குழந்தைவேலுவுக்கு அவன் மாடியில் கேட்டிருக்கும், கேட்டுக்கொண்டே காலை ஆட்டிக்கொண்டு படுத்திருப்பான். இவர் ஒருவருக்குத்தான் ஊர் செத்துப்போயிருக்கிறது.

தட்டு சுற்றிக்கொண்டிருந்தது, பாட்டு முடிந்து ஊசி உள்வட்டத்தில் உரசிக்கொண்டிருக்க வேண்டும். உரசல் கேட்கவில்லை. கையை வைத்தபோதுதான் அதிர்வு தெரிந்தது. எடுத்துவிட்டார். வெயில் பெட்டியிலிருந்து இறங்கித் தரைக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் வந்துவிடுவான். வந்தால் இரண்டைக் கண்டுபிடிப்பான். குரல் இல்லை என்பதைக் கண்டுபிடிப்பான், அது போகட்டும். இவருக்கு அது தெரியவில்லை என்பதையும் கண்டுபிடிப்பான். காயில் சுற்றியவன் காது போச்சு என்று பட்டறைக்காரர்கள் இருக்கிற டீக்கடையில் சொல்ல மாட்டான், அவ்வளவு மோசமானவன் இல்லை. இரக்கப்படுவான். அதுதான் தாங்காது. தங்கச்சியிடம் மெதுவாகச் சொல்வான், இவள் தலையாட்டுவாள், இரண்டு பேரும் இவருக்குக் கேட்காத ஒரு குரலில் இவரைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். இந்த அறையிலேயே. இவர் முன்னாலேயே.

"இந்தா" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இவர் வாயில் பேர் கிடையாது, இந்தாதான்.

"என்னங்?"

"இங்க வா."

"எண்ணெ காயுதுங்."

"அடுப்ப அணைச்சுப்போட்டு வா."

வந்தாள். நெற்றியில் வேர்வை, விரலில் மாவு. "உக்காரு" என்று நாற்காலியைக் காட்டினார். அது அவருடைய நாற்காலி, இரண்டு பெட்டிக்கும் சரியாக நடுவில் அளந்து போட்டது, தரையில் அதன் கால்களுக்கு பெயின்ட் அடையாளம்கூட உண்டு. அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், நுனியில் உட்கார்ந்தாள். ஊசியை இறக்கினார். ஒரு சரணம் ஓடியது. "என்ன?" "அதேதானுங். கெணறுதான்." அவர் ஸ்க்ரூடிரைவரைக் கையில் உருட்டினார். உருட்டிக்கொண்டே, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தெரியல."

"எது தெரியலீங்?"

"கெணறு. எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குது. காலைலயும் இதேதான், இப்பவும் இதேதான். அவனூட்லயும் இதேதான்."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் விரலில் ஒட்டிய மாவை உரித்தாள். "தெரியுங்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மாடியில அன்னைக்குப் பூச்சி சத்தமில்லைன்னு சொன்னீங்களே. அப்பவே தெரியுங்."

"சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா பாட்டுப் போடறதை நிறுத்திப்போடுவீங்க."

நிறுத்தித்தான் இருப்பார். தட்டையெல்லாம் கட்டி அலமாரி மேலே போட்டுவிட்டு ஒரு வருஷம் யாரோடும் பேசாமல் இருந்திருப்பார், அதை இவள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். எத்தனை நல்லாருக்குதுங் அந்தக் கணக்கில் சேர்ந்தது? முறத்தைத் தட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து எதையெல்லாம் கேட்டாள், எதையெல்லாம் கேட்காத மாதிரி விட்டாள்? கோபம் வந்தது, வந்த கோபத்துக்கு நிற்க இடமில்லாமல் போனது. அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பெட்டியைப் பார்த்தாள், பின்னால் ஓடுகிற வயரைப் பார்த்தாள். "இப்ப ரெண்டு மிஷினா ஓடுதுங்?" "ரெண்டு. கீழ ஒண்ணு, மேல ஒண்ணு." "ரெண்டும் ஒரே பக்கம் சுத்துதுங்களா?" "இதென்ன மோட்டாரா?" என்றார் வெடுக்கென்று. "மோட்டார் இல்லீங். சும்மா கேட்டேன். எங்கப்பன் தோட்டத்துல லைன்மேன் கம்பத்துல ஏறி எறங்குனான்னா அன்னைக்கு மோட்டார் ஓடும், சத்தமெல்லாம் நல்லாத்தான் வரும், தண்ணி மட்டும் மேல ஏறாது. திருப்பிச் சுத்துதுன்னு ரெண்டு வயரை மாத்திக் குடுப்பாங்க. அப்பறம் ஏறிக்கும். அந்தம்மாளும் மேல ஏறாமத்தான கெடக்கறாங்க."

வாயைத் திறந்தார். பைத்தியக்காரி, அது மூன்று ஃபேஸ் கரண்டு, இது ஸ்பீக்கர், அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்வதற்குத்தான் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. ஸ்பீக்கரின் காகிதம் முன்னால் தள்ளும், பின்னால் இழுக்கும். கீழே இருக்கிறது முன்னால் தள்ளும்போது மேலே இருக்கிறது பின்னால் இழுத்தால்? தபலா கீழேயே முடிந்துவிடும், அதற்கு ஒன்றுமில்லை. சலங்கை மேலேயே முடிந்துவிடும். இரண்டும் சேர்கிற இடத்தில் நிற்கிறவள்தான், ஒருவன் கொடுத்ததை இன்னொருவன் பிடுங்கிக்கொண்டு, நடுவில் ஒன்றுமில்லாமல் போவாள். ஆம்ப்ளிஃபயரை மாற்றிப் போட்டாலும் அதேதான், யார் தள்ளுகிறான் யார் இழுக்கிறான் என்பது மட்டும் மாறும். வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டிய புதிதில் ஊளையிட்டது, நாய் மாதிரி, தெருவே கதவைத் திறந்து பார்த்தது. அடக்குவதற்கு டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு முனையைக் கழற்றி மாற்றிச் சால்டர் வைத்தது யார்? இவர்தான். ஊளை நின்றது, அன்றிலிருந்து அது எல்லாவற்றையும் திருப்பித்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறது. தனியாக ஓடுகிறவரை திருப்பினால் என்ன, நேராக ஓடினால் என்ன, யாருக்குத் தெரியும். இன்னொன்றோடு சேர்த்து மாட்டினால்தான் சண்டை. ஆயிரம் மோட்டாருக்கு இரண்டு வயரை மாற்றிக் கொடுத்த கை இது. ஒரு வாரமாக அந்தக் கை எங்கே போயிருந்தது? குழந்தைவேலுவின் மீசை ஓரத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

புனலுக்குப் பின்னால் கையை விட்டார். சிவப்பைக் கழற்றிக் கறுப்பின் இடத்தில், கறுப்பைச் சிவப்பின் இடத்தில். வலப்பக்கப் பெட்டி முதலில். ஊசியை இறக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் மாறவில்லை. அதே துணி, அதே ஒரே நிறம். அவள் தலையைத் திருப்பி வலப்பக்கம் பார்த்தாள், "இந்தக் கோடில வந்துட்டாங்க. அந்தக் கோடில இன்னும் உள்ளதான் நிக்கறாங்க" என்றாள். இடப்பக்கப் பெட்டிக்குத் தவழ்ந்தே போனார். முட்டி கத்தியது, கத்தட்டும். இரண்டாவது திருகை முறுக்கிவிட்டுத் திரும்பினார். தெரிந்தவர் யாரோ உள்ளே வந்தால் செய்வது போல, நாற்காலியில் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தாள், பக்கத்தில் இடம் விட்டு. கண் எதிரே, ஒன்றுமில்லாத இடத்தில், ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்துவும் அந்த இடத்தைப் பார்த்தார். சுவரில் காலண்டர் இருந்தது. இப்போது ஏறிய எரிச்சலுக்குக் குழந்தைவேலு காரணமில்லை. அந்தக் காது. பூண்டு உரித்துக்கொண்டே சும்மா இருந்த காது, ஒரு ஸ்க்ரூடிரைவரைக்கூட ஒட்டிப் பார்க்காத காது, அதில் அந்தப் பொம்பளை முழுசாக நின்று பாடுகிறாள், இத்தனை வருஷம் சோறு தண்ணி இல்லாமல் இவர் கட்டிய சத்தம் முழுக்க அங்கே போய் இறங்குகிறது. இவர் வாசலில் நிற்கிறார். பாட்டு முடிகிறவரை அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எந்த இடத்தில் அந்தம்மா மூச்சு வாங்குகிறாள் என்று அதில் தெரிந்தது. எந்த இடத்தில் குழைகிறாள் என்று தெரிந்தது. இது கேட்பது ஆகாது. ஆனாலும் ஒன்றுமில்லை என்று சொல்லவும் முடியவில்லை.

வெளிக்கேட் திறந்தது. அவள் எழுந்து அடுப்படிக்கு ஓடினாள், "அய்யோ, மாவு இன்னும் பாதி கெடக்குது." குழந்தைவேலு செருப்பை உதறிவிட்டு, ஒரு பை கொய்யாப்பழத்தோடு உள்ளே வந்தான். "என்றா நாச்சி, தரையில கெடக்கற? காலையில தங்கச்சி சொல்லுச்சு, ரெண்டு மிஷின் வெச்சு ஒரு பொம்பளையைக் காணாமப் பண்ணிப்போட்டயாமா." சொல்லியிருக்கிறாள். கீரையோடு சேர்த்து இதையும் கொடுத்திருக்கிறாள். நாச்சிமுத்து ஊசியைத் தூக்கி வைத்தார். குழந்தைவேலு நாற்காலியில் உட்கார்ந்தான். காலை ஆட்ட ஆரம்பித்தான். பாட்டு ஏறியது. கால் நின்றது. இவர் அவனுடைய மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது அசையவில்லை, அதற்கு மேலே கண்தான் ஒருமாதிரி ஆனது. பல்லவி திரும்பி வரும்போது அவன் கையை எடுத்துத் தொடையில் வைத்து, "அடேய்" என்றான், மெதுவாக. முடிந்தது. பிறகு சத்தமாக, "என்றூட்ல இப்படி இல்லடா. அங்க பக்கத்துல உக்காந்து பாடுவா. இங்க நம்மூட்டு ஆளாவே பாடறா" என்றான். ஒரு வாரமாக இந்த வார்த்தைக்குத்தான் உருண்டது. வந்துவிட்டது. இனிக்கும் என்று நினைத்திருந்தார்.

"காலையில இல்லைன்னு சொன்னதுக்கு இப்ப எப்படிடா வந்துச்சு? ஆராச்சும் வந்து பாத்தாங்களா? டவுன்ல அந்த ரேடியோக்காரனைக் கூட்டிட்டு வந்தயா? ஆருடா சரி பண்ணுனது?"

நான் என்றால் முடிந்தது. பாதி பொய்கூட இல்லை, திருகு முறுக்கியது இந்தக் கைதானே. குழந்தைவேலு நம்புவான், நாளைக்கே டீக்கடையில் சொல்வான், நாச்சி நாச்சிதான்டா, காதுன்னா அது காது. அடுப்படியில் எண்ணெய் சீறுகிற சத்தம் இவருக்குக் கேட்கவில்லை, மணம்தான் வந்தது. அவளுக்கு இங்கே பேசுவது ஒன்றுவிடாமல் கேட்கும். கேட்டுவிட்டு வருவாள். கச்சாயத் தட்டை நீட்டுவாள். ஆமாங் என்பாள், அதற்கு முன்னால் அந்த இடைவெளியை விட்டு.

"என்றா, காது கேக்கலயா? ஆரு சரி பண்ணுனதுன்னேன்."

நாச்சிமுத்து தரையில் கையை ஊன்றினார். ஒரு முட்டியை நிமிர்த்தினார், பிறகு இன்னொன்றை. எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுப்படிக்கும் எட்டுகிற குரலில் சொன்னார்:

"கருணாம்பாள்."